39 மணி நேரத்துக்குச் சம்பளம், 150 மணி நேரத்துக்கு வேலை

சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகங்களின் கலைப்புலத் தலைவர்களுக்கும் தேசியக் கலைகள் மன்றத்தின் இலக்கியப் பிரிவுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியோரே,

வணக்கம். தமிழில் கதை எழுதக் கற்பிப்பதற்கென்றே ஓர் எழுத்தாளரை நிலையான பணியில் அமர்த்துங்கள் என்று கேட்பதற்காக இந்த மடல். அந்தப் பணிக்கு எத்தனை மணி நேரம் பிடிக்கும், யாரை எப்படித் தேர்ந்தெடுப்பது, வகுப்பு எந்த இடத்தில் கெட்டுப்போகும் என்பதைத்தான் பெரும்பாலும் எழுதியிருக்கிறோம். தமிழை வாழ்த்தும் உரைகள் தமிழ்மொழி விழா நடக்கும் ஏப்ரல் மாதத்தில் தேவைக்கு மேலேயே கிடைக்கின்றன, இங்கே அவை வேண்டாம்.

இப்போது இருப்பது என்ன என்று உங்களுக்கே தெரியும். சிங்கப்பூர்ச் சமூக அறிவியல் பல்கலைக்கழகம் தமிழ்மொழி, இலக்கியத்தில் இளங்கலைப் பட்டம் வழங்குகிறது. தேசியக் கல்விக் கழகம் பள்ளிகளுக்குத் தமிழாசிரியர்களைப் பயிற்றுவிக்கிறது. பல்கலைக்கழகத்துக்கு முந்திய தொடக்கக் கல்லூரியில் எச்2 என்ற உயர்நிலைப் பாடமாகத் தமிழ்மொழியும் இலக்கியமும் படித்த மாணவர்கள் ஆண்டுதோறும் வெளியே வருகிறார்கள். மறுமுனையில் பரிசுகள் இருக்கின்றன. தங்கமுனை விருது என்ற படைப்பெழுத்துப் போட்டி 1993இல் தொடங்கியது, சிங்கப்பூர் இலக்கியப் பரிசு அதற்கு ஓராண்டு மூத்தது. படிப்புக்கும் பரிசுக்கும் நடுவில், மாணவரின் முதல் வரைவை வாங்கிப் படித்து, "கதை நான்காம் பத்தியில்தான் தொடங்குகிறது, முதல் மூன்றும் எதற்கு?" என்று கேட்க ஓர் ஆள் வேண்டும். கேட்டுவிட்டு, திருத்தி வந்த இரண்டாம் வரைவைப் படிக்கவும் அதே ஆள் அங்கே இருக்க வேண்டும்.

நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் தேசியக் கலைகள் மன்றமும் சேர்ந்து எழுத்தாளர்களைச் சில மாதங்களுக்கு வளாகத்தில் தங்கவைத்துக் கற்பிக்கச் செய்ததை அறிவோம். நல்ல ஏற்பாடு. வாசிப்பில் ஆர்வத்தைக் கிளப்ப அதைவிடச் சிறந்த வழி இல்லை. ஆனால் ஒரு கதை சரியாக வர ஓராண்டுகூட ஆகும். எழுத்தாளர் விமானம் ஏறிய பிறகுதான் மாணவர் மூன்றாம் வரைவை எழுத உட்காருகிறார்.

எழுத்தாளரே பல்கலைக்கழகத்தில் கற்பிப்பது இங்கே புதிதும் அல்ல. கவிஞர் எட்வின் தம்பு 1980 முதல் 1991 வரை சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தின் கலை, சமூக அறிவியல் புலத்துக்கு முதல்வராக இருந்தார். ஆங்கிலத்தில் எழுதியவர், தமிழ்ப் பள்ளியாசிரியரின் மகன். தமிழில் நா. கோவிந்தசாமி இருந்தார். சிறுகதைக்காரர், 1994இல் தென்கிழக்காசிய எழுத்தாளர் விருது பெற்றவர், தமிழை இணையத்தில் ஏற்றிய முன்னோடிகளில் ஒருவர், தேசியக் கல்விக் கழகத்தில் விரிவுரையாளர். ஆனால் அவர் வகித்தது தமிழ் விரிவுரையாளர் பணி. அவர் படைப்பாளியாகவும் இருந்தது மாணவர்களுக்குக் கிடைத்த அதிர்ஷ்டம். 1999இல் அவர் மறைந்தபோது அந்த அதிர்ஷ்டமும் போயிற்று. படைப்பாளிக்கென்று ஒரு பணியிடம் இருந்திருந்தால் அதில் அடுத்தவர் வந்து உட்கார்ந்திருப்பார். அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகம் 1936இல் செய்ததும், இங்கிலாந்தின் ஈஸ்ட் ஆங்கிலியா பல்கலைக்கழகம் 1970இல் செய்ததும் இதைத்தான். எழுத்தாளர்கள் மாறினார்கள், இடம் அப்படியே இருந்தது.

இனி நேரக் கணக்கு. உங்கள் பருவம் 13 வாரம், வகுப்பு வாரத்துக்கு 3 மணி நேரம், ஆக 39. பகுதிநேர விரிவுரையாளருக்கு வழக்கமாக இதற்குத்தான் சம்பளம். பொருளாதாரத்துக்கோ வரலாற்றுக்கோ இந்தக் கணக்கு ஓரளவு பொருந்தலாம், அங்கே பாடம் வகுப்பறையில் நடக்கிறது. எழுதக் கற்பிப்பவரின் பெரும்பகுதி வேலை வகுப்புக்கு வெளியே, தாளின் ஓரத்தில் நடக்கிறது. 12 மாணவர்கள் ஆளுக்கு இரண்டு கதை எழுதினால் 24 கதைகள். 2,500 சொல் கதையை இரண்டு முறை படித்து, ஓரக் குறிப்பெழுதி, கடைசியில் ஒரு பக்கக் கருத்தும் எழுத ஒன்றரை மணி நேரம் ஆகும். அது 36 மணி நேரம். பருவத்தில் இரண்டு தடவை ஒவ்வொரு மாணவரையும் அரைமணி தனியாகச் சந்திக்க 12. இறுதித் தொகுப்பைப் பழைய வரைவுகளோடு பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு மதிப்பிட ஆளுக்கு 2 மணி என்று 24. வகுப்பின் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஒரு மணி நேரத் தயாரிப்பு என்று 39. மொத்தம் 150. கவனமாகச் செய்கிற எவருக்கும் இதற்குக் குறையாது.

39க்கு மட்டும் சம்பளம் கொடுத்தால் என்ன ஆகும் என்று ஊகிக்க வேண்டியதில்லை. முதலில் ஓரக் குறிப்பு நின்றுபோகும். 'நல்ல முயற்சி, தொடர்ந்து எழுதுங்கள்' என்ற ஒற்றை வரி வரும். பிறகு தனிச் சந்திப்பு நிற்கும். கடைசியில் வகுப்பு ஆசிரியரின் அனுபவ உரையாகிவிடும். மாணவர்களுக்கு அதுவும் பிடிக்கும் என்பதுதான் சங்கடம், பாடக் கருத்துப் படிவத்தில் நல்ல மதிப்பெண்ணே விழும்.

12 என்ற எண்ணையும் நாங்கள் சும்மா எடுக்கவில்லை. ஒரு கதையை வகுப்பு உருப்படியாகப் பேச 45 நிமிடம் வேண்டும். 24 கதைக்கு 18 மணி நேரம் போக, பயிற்சிக்கும் வாசிப்புக்கும் 21 மணி மிஞ்சும். முதல் மூன்று வாரத்தைப் பயிற்சிக்கு விட்டுவிட்டு நான்காம் வாரத்திலிருந்து கதைகளை எடுத்தால், சில வாரம் இரண்டு, சில வாரம் மூன்று என்று சரியாக முடியும். 20 பேரைச் சேர்த்தால் பேச்சுக்கே 30 மணி நேரம் போய்விடும். 25 பேரானால் 37½. அதற்குமேல் கற்பிக்க என்ன இருக்கிறது? எண்ணிக்கை 8க்குக் கீழே போனாலும் நல்லதல்ல. இரண்டு பேர் வராத நாளில் ஒரே குரல் வகுப்பை நடத்திவிடும்.

அந்த முதல் மூன்று வாரம் எதற்கு என்று கேட்பீர்கள். பள்ளிக் கட்டுரையை மறப்பதற்கு. நம் மாணவர்கள் மரபுத்தொடருக்கும் இணைமொழிக்கும் உவமைத்தொடருக்கும் மதிப்பெண் வாங்கிப் பழகியவர்கள். கதை கேட்டால் கதிரவன் பொற்கிரணங்களை வீசுவான், கடைசி வரியில் ஒரு நீதி நிற்கும். பள்ளியைக் குறை சொல்லவில்லை, தேர்வுக்கு அது தேவை. ஆனால் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டுக் கூடத்தில் பேசாமல் உட்கார்ந்திருக்கும் அப்பாவையும் மகளையும் எழுத அது உதவாது. முதல் வாரம் கையால் 300 சொல் எழுதச் சொல்லலாம். ஒரே அறை, இரண்டு பேர், எந்த உணர்ச்சியின் பெயரும் வரக்கூடாது. இரண்டாம் வாரம் அதே காட்சியை உரையாடலே இல்லாமல், மூன்றாம் வாரம் உரையாடலால் மட்டும். கையால் எழுதச் சொல்வதற்கு இன்னொரு பயனும் உண்டு. அந்த மாணவரின் வாக்கியம் எப்படி நடக்கும் என்பது ஆசிரியருக்குத் தெரிந்துவிடும். பின்னால் செயற்கை நுண்ணறிவிடம் வாங்கிய கதை வந்தால் எந்த மென்பொருளும் இல்லாமலே பிடிபடும்.

சொல் எண்ணிக்கையில் ஒரு பொறி இருக்கிறது. ஆங்கிலப் பாடத்திட்டத்தின் 4,000 சொல்லை அப்படியே தமிழுக்குப் போடாதீர்கள். 'போய்க்கொண்டிருந்தவனிடமிருந்து' என்பது நமக்கு ஒரே சொல். ஆங்கிலக் கதையின் 4,000 சொல் தமிழில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்காகிவிடும். 4,000 கேட்டால் மாணவர் மீதியை இயற்கை வருணனையால் நிரப்புவார். 2,500 போதும்.

பயிலரங்கு நடத்தும் முறைக்கு வருவோம். கதை ஐந்து நாள் முன்னதாக எல்லாருக்கும் போய்ச் சேர வேண்டும். யுனிகோடில், வேர்ட் கோப்பாக. கைப்பேசியில் எடுத்த படமாகவோ பழைய எழுத்துருவிலோ வந்தால் ஓரத்தில் எதையும் குறிக்க முடியாது. ஒவ்வொருவரும் இரண்டு முறை படித்து, எழுதியவருக்கு அரைப்பக்கக் கடிதத்தோடு வர வேண்டும். வகுப்பில் எழுதியவர் முதல் பத்தியைச் சத்தமாகப் படிப்பார். பிறகு 10 நிமிடம், கதையில் என்ன நடக்கிறது, யார் சொல்கிறார், எத்தனை நாளில் நடக்கிறது என்று மற்றவர்கள் விவரிக்க வேண்டும். நல்லது கெட்டது சொல்லக்கூடாது. பாதிப் பிழைகள் இங்கேயே வெளிப்பட்டுவிடும். எழுதியவர் அம்மா இறந்ததாக எழுதியிருப்பார், மூன்று பேர் அம்மா வீட்டைவிட்டுப் போனதாகப் புரிந்துகொண்டிருப்பார்கள். அதற்குப் பிறகு 25 நிமிடம், எங்கே தடுக்கியது, எங்கே ஒட்டியது. கடைசி 10 நிமிடம் எழுதியவரின் கேள்விகளுக்கு. ஆசிரியர் எல்லாருக்கும் கடைசியாகப் பேச வேண்டும். முன்னால் பேசினால் 12 பேரும் அதையே வேறு சொற்களில் திருப்பிச் சொல்வார்கள்.

அயோவா வழியில் எழுதியவர் கடைசிவரை வாய் திறக்கக்கூடாது என்றொரு விதி உண்டு. இங்கே அதை அப்படியே வைக்க வேண்டாம். நம் வகுப்பில் 20 வயது மாணவியும், பகல் முழுதும் பள்ளியில் கற்பித்துவிட்டு வரும் 48 வயது ஆசிரியரும் பக்கத்தில் உட்காருவார்கள். அவள் அவரை 'சார்' என்பாள். சாரின் கதையில் ஓட்டை என்று அவள் எப்படிச் சொல்வாள்? 'நல்லா இருந்துச்சு சார்' என்பதோடு முடிந்துவிடும். விவரித்தலை முதலில் வைத்திருப்பது இதற்காகத்தான். விவரிப்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. முதல் இரண்டு அமர்வுக்குப் பெயரில்லாத கதைகளைக் கொடுத்துப் பழக்குவதும் உதவும்.

தமிழ்ப் பயிலரங்குக்கே உரிய நோய் ஒன்று உண்டு, சந்திப்பிழை. வல்லினம் மிகுமா மிகாதா என்று ஒருவர் தொடங்கினால் 45 நிமிடமும் அதிலேயே கரையும். கதை அங்கேயே கிடக்கும். எல்லாருக்கும் அதில் ஒரு சுகம் இருக்கிறது, கதையைப் பற்றிச் சொல்வதைவிட அது சுலபம். ஒற்றுப்பிழை ஓரக் குறிப்பில் மட்டும், வாயால் பேசக்கூடாது என்பது முதல் நாளே அறிவிக்க வேண்டிய விதி.

உரையாடல் இன்னொரு பெரிய வேலை. 'வந்துகிட்டு இருக்கேன்', 'வந்துக்கிட்டிருக்கேன்', 'வந்துட்டிருக்கேன்', மூன்றும் ஒரே பாத்திரத்தின் வாயில் ஒரே பக்கத்தில் வரும். பாத்திரம்தோறும் வினை முடிவுகளை எழுதிய ஒரு சிறு பட்டியலை மாணவர் கதையோடு தர வேண்டும். பழைய இந்தியர் வட்டாரமான தேக்காவில் கடை வைத்திருக்கும் தாத்தாவும் புதுநகரான பொங்கோலில் வளரும் பேரனும் ஒரே தமிழ் பேசினால் இரண்டில் ஒன்று பொய். ஆங்கிலமும் மலாயும் வாக்கியத்தின் கடைசியில் ஒட்டிக்கொள்ளும் 'லா'வும் எவ்வளவு வரலாம் என்பதற்கு நாங்கள் எல்லை போட மாட்டோம், வாசகர் காதில் ஆள் தெரிய வேண்டும், அவ்வளவுதான். சென்னை வாசகருக்காகக் கோப்பிக்கடைக்கு அடிக்குறிப்பு போடும் பழக்கத்தை மட்டும் நிறுத்தச் சொல்வோம். சென்னைக் கதைகள் நமக்கு அடிக்குறிப்போடு வருவதில்லை.

மதிப்பெண்ணைச் சுருக்கமாகச் சொல்கிறோம். முதல் வரைவுக்கு மதிப்பெண் போட்டால் மாணவர் துணிய மாட்டார். வகுப்புக் கடிதங்களுக்கு 30, பயிற்சிகளுக்கு 20, திருத்திய இரண்டு கதைகளுக்கும் எதை ஏன் மாற்றினேன் என்ற இரண்டு பக்கக் குறிப்புக்கும் 50. 12 பேர் வகுப்பில், மாணவர்களை ஒருவரோடொருவர் ஒப்பிட்டு மதிப்பெண்ணைப் பங்கிடும் பெல் கர்வ் வேண்டாம். பக்கத்து இருக்கைக்காரரின் கதை மோசமாக இருப்பது தனக்கு லாபம் என்று ஆகிவிட்டால் பயிலரங்கு செத்துவிடும்.

இனி, யாரை எடுப்பது?

விளம்பரத்தில் 'முனைவர் பட்டம் கட்டாயம்' என்ற வரி இருந்தால் பணியிடம் தொடங்குமுன்பே முடிந்தது. ஆங்கிலத்தில் எழுதுவோருக்கு எம்.எஃப்.ஏ. என்ற பட்டம் இருக்கிறது, அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் அதையே அத்துறையின் இறுதிப் பட்டமாக ஏற்கின்றன. தமிழில் எழுதுகிறவருக்கு அப்படிப் பழகிய பாதை எதுவும் இல்லை. தமிழ் முனைவர் பட்டம் ஆய்வுக்குக் கொடுப்பது. பிள்ளைத்தமிழில் தேர்ந்த ஆய்வாளர் ஒரு கதையும் எழுதாதவராக இருக்கலாம், அது அவர் குற்றமில்லை. நூல்களைத் தகுதியாகக் கொள்ளுங்கள். ஆனால் எண்ணாதீர்கள், படியுங்கள். தமிழில் எழுத்தாளரே செலவு செய்து சில நூறு படிகள் அச்சிடுவது சகஜம், பதிப்பகத்தின் பெயர் தரத்துக்குச் சான்றாகாது. 15 நூல் போட்டவரைவிட இரண்டு நூல் எழுதியவர் பொருத்தமாக இருக்கலாம். மதிப்பிடுவோர் மூவரையாவது வெளியிலிருந்து கேளுங்கள். தமிழகத்திலிருந்து ஒருவர், யாழ்ப்பாணம் அல்லது பேராதனையிலிருந்து ஒருவர், மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையிலிருந்து ஒருவர். சிங்கப்பூருக்குள்ளேயே மூவரைத் தேடினால் மூவரும் விண்ணப்பதாரரின் நூல் வெளியீட்டில் பேசியவர்களாக இருப்பார்கள்.

நல்ல எழுத்தாளர் நல்ல ஆசிரியராகவும் இருப்பார் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. நேர்முகத்தில் இது தெரியாது, எழுத்தாளர்கள் நன்றாகப் பேசுவார்கள். சோதனை வைக்க வேண்டும். பெயர் நீக்கிய 1,500 சொல் மாணவர் கதை ஒன்றைக் கொடுத்து இரண்டு மணி நேரம் உட்கார வையுங்கள். பிறகு உண்மையான மாணவர்கள் ஆறு பேரோடு 40 நிமிடம் அதைப் பற்றி வகுப்பு நடத்தச் சொல்லுங்கள். ஓரக் குறிப்பை எடுத்துப் பாருங்கள். 'இங்கே அவள் ஏன் பதில் சொல்லவில்லை?' என்பது போலக் கேள்விகள் நிறைய இருந்தால் நல்ல அறிகுறி. வாக்கியங்களை அடித்துத் தன் நடையில் மாற்றி எழுதியிருந்தால், அவர் எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும் வேண்டாம். மூன்றாண்டில் அவரைப் போலவே எழுதும் 72 பேர் கிடைப்பார்கள்.

பணி அரைநேரமாக இருக்கட்டும், ஆனால் மூன்றாண்டுக்கு. மாதச் சம்பளம், மத்திய சேமநிதி, பருவத்துக்கு ஒரு வகுப்பு, மேலே சொன்ன 150 மணி நேரமும் வேலைநேரமாக எழுதப்பட வேண்டும். நூல் விற்று வாழலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம். 300 ரூபாய் நூல் 500 படி விற்று 10 விழுக்காடு உரிமத்தொகை வந்தால் 15,000 ரூபாய், ஏறத்தாழ 200 வெள்ளி சொச்சம். அதுவும் கைக்கு வந்தால். அரைநேர வேலையின் மறுபாதி எழுதுவதற்கு. அந்தப் பாதியில் குழுக் கூட்டங்களையும் மொழிபெயர்ப்பையும் விழா அறிவிப்பையும் நுழைக்காதீர்கள். துறையில் தமிழ் தெரிந்தவர் ஒருவரே என்றால் எல்லாத் தமிழ்த் தாள்களும் அவர் மேசைக்குத்தான் வரும். பணி மதிப்பீட்டில் நாவலையும் சிறுகதைத் தொகுப்பையும் ஆய்வுக் கட்டுரைக்கு ஈடாகக் கொள்வோம் என்று நியமனக் கடிதத்திலேயே எழுதுங்கள். நாவலுக்கு நான்கைந்து ஆண்டு ஆகலாம், மூன்றாண்டு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது பாதி எழுதிய படியையும் ஏற்க வேண்டியிருக்கும்.

சிறிய சமூகம் நம்முடையது. இந்த ஆசிரியரைத்தான் போட்டிக்கெல்லாம் நடுவராகக் கூப்பிடுவார்கள். தன்னிடம் படித்தவர் கலந்துகொள்ளும் போட்டிக்கு, படித்து முடித்து இரண்டாண்டு வரை நடுவராக இருக்கக்கூடாது என்று ஒப்பந்தத்தில் சேருங்கள். அது அவருக்கும் பாதுகாப்பு.

கலைகள் மன்றத்துக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். மானியத்தின் பயனாகப் பருவ இறுதியில் மாணவர் கதைத் தொகுப்பு நூல் கேட்காதீர்கள். கேட்டால் எட்டாம் வாரத்திலிருந்து வகுப்பு அச்சகமாகிவிடும். மெய்ப்புத் திருத்தம், அட்டை, அழைப்பிதழ், சிறப்பு விருந்தினர், பொன்னாடை. இரண்டாம் வரைவு எழுத யாருக்கும் நேரம் இருக்காது, முதல் வரைவே நூலாகி நூலகத்தில் நிரந்தரமாக உட்கார்ந்துகொள்ளும். கணக்குக் காட்ட ஏதாவது வேண்டுமென்றால் முதல் வரைவும் இறுதி வரைவும் அடங்கிய கோப்புகளைக் கேளுங்கள். எழுதியவை மாணவர்களின் உடைமை, பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

12 மாணவர்கள் கிடைப்பார்களா என்ற கேள்வி வரும். ஒரே பல்கலைக்கழகத்தில் கிடைக்க மாட்டார்கள். ஆகவே ஆறு தன்னாட்சிப் பல்கலைக்கழகங்களின் மாணவர்களும் பதியும்படி செய்து, 3 இடத்தை வேலை பார்ப்பவர்களுக்கு ஒதுக்குங்கள். கணினியும் பொறியியலும் படிக்கும் மாணவர்களில் தமிழில் எழுதுகிறவர்கள் தமிழ் வகுப்பில் இருப்பவர்களைவிடக் குறைவில்லை. வகுப்பு மாலை 7 முதல் 10 வரை, நகருக்குள் இருக்கட்டும்.  ஜூரோங்கின் மேற்குக் கோடியில் வைத்தால் பாசிர் ரிஸ்காரர் மூன்றாம் வாரத்தோடு நின்றுவிடுவார், இரவு பத்து மணிக்குமேல் தீவின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் போக வேண்டும்.

வரும் ஆண்டு ஆகஸ்டில் வகுப்பு தொடங்க வேண்டுமென்றால் இந்த நவம்பருக்குள் பணியிடத்துக்கு ஒப்புதல் வேண்டும். ஜனவரியில் விளம்பரம், மார்ச்சில் சோதனை வகுப்புகள், ஏப்ரலில் நியமனம். வெளிநாட்டவரைத் தேர்ந்தெடுத்தால் வேலை அனுமதிக்கு இன்னும் சில வாரம் சேர்த்துக்கொள்ளுங்கள். வாசிப்புப் பட்டியல் மே மாதத்துக்குள் முடிவாக வேண்டும். சென்னையிலிருந்து ஒவ்வொன்றிலும் 12 படி வரவழைக்க இரண்டு மாதமாவது ஆகும், பாதி நூல்கள் அச்சில் இல்லை என்ற பதில் வந்தால் மாற்று நூல் தேடவும் நேரம் வேண்டும். 13 வாரப் பாடத்திட்டம், சோதனை வகுப்புக்கான மதிப்பீட்டுப் படிவம், ஒப்பந்த வாசகம் மூன்றின் வரைவும் எங்களிடம் ஆயத்தமாக இருக்கின்றன. கேட்டால் மறுநாளே அனுப்புவோம்.

இப்படிக்கு,
சிங்கப்பூரில் தமிழில் எழுதுவோரும் எழுதக் கற்பிப்போரும்